ஏழு மாதமாக ஷீல்ட் வைத்தே பாலூட்டுகிறேன், இப்படியே தொடரலாமா?

உறங்காவிழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாகப் படிக்க மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து இன்றுவரை நிப்பிள் ஷீல்ட் (காம்பின் மேல் மாட்டும் மெல்லிய சிலிக்கோன் உறை, நடுவில் காம்பு மாதிரி ஒரு முனை இருக்கும்) இல்லாமல் ஒரு வேளைகூட அவள் என்னிடம் பால் குடித்ததில்லை. எனக்கு இடப்பக்கக் காம்பு தட்டை. வலப்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் சீம்பாலைப் பிழிந்து கரண்டியில் கொடுத்துச் சமாளித்தோம். மூன்றாம் நாள் பால் இறங்கி மார்பு கல் மாதிரி ஆனதும் இருந்த கொஞ்சநஞ்சக் காம்பும் மறைந்துபோனது. அவள் வாயை வைப்பாள், வழுக்கும், வீறிடுவாள். அவள் அழ, நானும் அழ. அப்போது பணியில் இருந்த செவிலி ஒரு ஷீல்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு நாளைக்கு வச்சுக்கோங்க, அப்புறம் எடுத்துடலாம்" என்றார். அந்த ரெண்டு நாள்தான் இன்னும் முடியவில்லை.

எடையில் குறை இல்லை. பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 7.4. ஆறு மாதம் முடிந்ததும் மற்ற உணவும் ஆரம்பித்தாகிவிட்டது, ஆனாலும் பால்தான் அவளுக்கு முதலில். ஷீல்டை விடவைக்க ஐந்து முறை முயன்றேன். கடைசி முறை, "இது யாருடையது?" என்பதுபோல என் மார்பை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போன வாரம் தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒருவர், "இன்னுமா அதை வச்சிருக்கீங்க? பால் வத்திடுமே" என்றார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. (ஏற்கெனவே இல்லை என்பது வேறு விஷயம்.) இப்படியே ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போக முடியுமா? யாராவது போயிருக்கிறீர்களா? பல் முளைத்தால் என்ன ஆகும்?

பதினான்குமாதம் எழுதியது:

போகலாம். நான் பதினான்கு மாதம் போனேன். இப்போது கைவேலையாக இருக்கிறேன், ராத்திரி வந்து விவரமாக எழுதுகிறேன். அதுவரை தூங்குங்கள்.

வெட்டுஒன்று எழுதியது:

எல்லோரும் தைரியம் சொல்வார்கள், நான் சொல்லப்போவதில்லை. முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிடுங்கள். எனக்கு ஆறாவது வாரத்திலேயே பால் குறைந்துவிட்டது, காரணம் ஷீல்ட்தான். மணிக்கணக்கில் மடியிலேயே கிடப்பான், குடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எடை பார்த்தால் இரண்டு வாரத்தில் 90 கிராம்தான் ஏறியிருந்தது. பிறகு பம்ப், புட்டி என்று அலைந்து மூன்றாம் மாதத்தில் மொத்தமாக நின்றேபோனது. எனக்கு ஷீல்டைக் கொடுத்தவர்கள் அதை எப்படி மாட்ட வேண்டும், எப்போது எடை பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை.

பால்பணி எழுதியது:

நான் பதினொரு வருடமாகத் தாய்மார்களுக்குப் பாலூட்ட உதவும் வேலையில் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உறங்காவிழி, உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது முழுப் பொய் இல்லை, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. ஷீல்டால் பால் குறையும் என்ற பேச்சுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. முன்பு வந்தவை தடித்த ரப்பர். 1980-ல் வெளியான ஓர் ஆய்வில், தொப்பி வடிவத் தடித்த ஷீல்ட் குழந்தைக்குப் போகும் பாலை 58 சதவீதம் குறைத்தது. அதே ஆய்வில் மெல்லிய லேடெக்ஸ் ஷீல்ட் குறைத்தது 22 சதவீதம்தான். இப்போது நம் கையில் இருப்பது அதைவிட மெல்லிய சிலிக்கோன். 2009-ல் வந்த ஆய்வு ஒன்றில், இந்த மெல்லிய ஷீல்ட் பயன்படுத்திய 54 தாய்மார்களின் குழந்தைகளை இரண்டு மாதம் வரை எடை பார்த்தார்கள். ஷீல்டோடு குடித்த குழந்தைகளுக்கும் இல்லாமல் குடித்தவர்களுக்கும் எடை ஏற்றத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

குறைப்பிரசவக் குழந்தைகளிடம் நிலைமை தலைகீழ். 2000-ல் 34 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஷீல்ட் இல்லாமல் ஒரு வேளைக்குச் சராசரி 3.9 மில்லிலிட்டர் குடித்தவர்கள், ஷீல்டோடு 18.4 குடித்தார்கள். உறிஞ்சும் வலு போதாத குழந்தை, ஒவ்வொரு இடைவெளியிலும் காம்பை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கத் தடுமாறும். ஷீல்டின் முனை வாய்க்குள் அப்படியே நின்று கொடுப்பதால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

பால் ஊறுவதற்கு மார்பு காலியாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். முதல் சில வாரம் ஹார்மோன்கள் தள்ளிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே ஊறும். வழியில் சிலிக்கோன் இருக்கிறதா இல்லையா என்பது மார்புக்குத் தெரியாது, பால் போனதா இல்லையா என்பதுதான் தெரியும். ஏழு மாதத்தில் 4.5 கிலோ ஏறிய குழந்தைக்குப் பால் போயிருக்கிறது. வற்றுவதானால் எப்போதோ வற்றியிருக்கும்.

வெட்டுஒன்று, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? எந்த அளவு ஷீல்ட் கொடுத்தார்கள்? குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தான்? குடித்து முடித்தபின் மார்பு இளகியிருந்ததா, அப்படியே கனமாக இருந்ததா?

வெட்டுஒன்று எழுதியது:

24. முப்பத்தாறு வாரத்தில் பிறந்தவன், 2.2 கிலோ. கனமாகத்தான் இருக்கும். குடித்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், முதல் குழந்தை, எனக்கு என்ன தெரியும்?

பால்பணி எழுதியது:

அந்த வாய்க்கு 24 மில்லிமீட்டர் பெரிதாக இருந்திருக்கலாம். 16, 20, 24 என்று அளவுகள் வருகின்றன. தாயின் காம்பு முனைக்குள் நெருக்கமில்லாமல் உட்கார வேண்டும், குழந்தையின் வாய்க்கும் அது கொள்ள வேண்டும். இரண்டையும் பார்க்க வேண்டும், பலர் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். பெரிய ஷீல்டைச் சின்ன வாய் முழுதாக வாங்காது, நுனியை மட்டும் கவ்விச் சப்பும். மார்பு அழுந்தாது, பால் வராது, குழந்தை களைத்துத் தூங்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு நன்றாகக் குடிக்கிற மாதிரியே இருக்கும். நுனியைச் சப்புவதற்கும் மார்பை வாய் நிறைய வாங்கிக் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். உங்கள் கோபம் நியாயமானது. ஷீல்ட் மேல் அல்ல, கொடுத்த விதத்தின் மேல்.

வெட்டுஒன்று எழுதியது:

நான்கு வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறேன். சரி.

பாத்திரம்தேய்க்கும்அப்பா எழுதியது:

இந்த இழையில் ஆண் எழுதலாமா தெரியவில்லை, எங்கள் வீட்டு ஷீல்ட் துறை என் பொறுப்பு என்பதால் எழுதுகிறேன். எட்டு மாதமாக ராத்திரி பத்து மணிக்கு ஷீல்ட் கழுவுகிறேன்.

முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். நேராகச் சுடுதண்ணீரில் போட்டால் பால் திரிந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை தேய்த்தாலும் ஒரு மங்கல் போகாது. இது நான் மூன்று ஷீல்டைப் பாழாக்கிக் கற்றது. அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், நன்றாக அலசல். குழந்தை சின்னதாக இருந்தவரை தினமும் ஒரு முறை கொதிக்க வைத்தோம். கொதிக்கும்போது பாத்திரத்தின் அடியில் ஒட்டாமல் நிறையத் தண்ணீர் விடுங்கள். (இதுவும் அனுபவம். வீடு முழுக்க நாற்றம்.) வாசனை சோப்பு வேண்டாம், எங்கள் மகன் ஒருநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பிவிட்டான்.

எத்தனை வைத்துக்கொள்வது என்றால், ஆறு. நான்கு போதும் என்றுதான் நினைப்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடும்போது ஆறு ஏன் என்று புரியும். கண்ணாடி மாதிரி இருக்கும் சனியன், கண்ணுக்கே தெரியாது.

பதினான்குமாதம் எழுதியது:

வந்துவிட்டேன். அப்பா சொன்ன கட்டில் அடி வேட்டையைப் படித்துச் சிரித்துவிட்டுத் தொடங்குகிறேன்.

எனக்கும் தட்டைக் காம்புதான். முதல் மூன்று மாதம் "இன்று எடுத்துவிட வேண்டும், இன்று எடுத்துவிட வேண்டும்" என்று தினமும் ஒரு போர். அவனுக்கு மடி என்றாலே அழுகை என்றாகிவிட்டது. ஒருநாள் என் அக்கா, "அவன் குடிக்கிறான், நீ கொடுக்கிற, நடுவுல யாருக்குடி பரீட்சை?" என்று கேட்டாள். அன்றோடு முயற்சியை விட்டேன். அதற்குப் பிறகுதான் பாலூட்டுவது எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

மாட்டுவதை இப்போதும் நிறையப் பேர் தொப்பி போடுவதுபோல அப்படியே மேலே வைக்கிறார்கள். அது நிற்காது, காம்பும் உள்ளே போகாது. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் இளகும். விளிம்பைப் பின்பக்கமாகத் திருப்பி, முனையையும் பாதி வரை உள்வெளியாக மடக்கி, அந்தப் பாதியைக் காம்பின் மேல் வைத்து, விளிம்பை மார்போடு நீவி விரித்துவிட வேண்டும். மடங்கிய பாதி நிமிரும்போது காம்பைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். விளிம்பில் ஒரு துளி தண்ணீரோ பாலோ தடவினால் ஒட்டி நிற்கும். வெட்டுப் பகுதி இருக்கிற ஷீல்ட் என்றால் அந்த வெட்டு குழந்தையின் மூக்குப் பக்கம் வரட்டும், அவனுக்கு உங்கள் தோலின் மணமும் தொடுகையும் கிடைக்கும். முனைக்குள் நாலு சொட்டுப் பாலைப் பிழிந்துவிட்டால் பொறுமை இல்லாத பிள்ளைகளுக்கு வாய் வைத்ததும் பரிசு.

மாதம் ஏற ஏறப் பிரச்சனைகள் மாறும். ஆறாம் மாதத்துக்குமேல் அவனே ஷீல்டைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுவான். உள்ளே நிற்கும் பால் என் மேல், அவன் மேல், சோபா மேல். பிடுங்குகிற கைக்கு வேறு ஏதாவது கொடுத்துவிடுவேன், என் விரலையே. வெளியில் போகும்போது முதலில் கூச்சம், போகப்போகத் துணிக்குள்ளேயே ஒரு கையால் மாட்டும் வித்தை வந்துவிட்டது.

பல் வந்தது எட்டாம் மாதம். ஷீல்ட் கடியிலிருந்து காப்பாற்றும் என்று யாரும் நம்ப வேண்டாம், நன்றாகவே வலிக்கும். ஆனால் குடித்துக்கொண்டிருக்கும்போது நாக்கு கீழ் ஈறை மூடியிருப்பதால் கடிக்க முடியாது. பசி தீர்ந்து விளையாட ஆரம்பிக்கும் நேரம்தான் ஆபத்து. அந்தக் கண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், உடனே சின்ன விரலை வாயோரம் நுழைத்து எடுத்துவிடுவேன். பல் வந்தபின் ஒவ்வொரு முறையும் ஷீல்டை வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். ஊசி நுனி அளவு கிழிசல் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். துண்டு பிய்ந்து தொண்டைக்குள் போனால் என்ன செய்வது?

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அவனாகவே பாலை நிறுத்தினான், பதினான்கு மாதத்தில். ஷீல்டோடு தொடங்கி ஷீல்டோடு முடித்தோம்.

ஒன்பதுநாள் எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். நேற்றுதான் ஷீல்ட் கொடுத்தார்கள். காம்பு வெடித்துப் புண்ணாகி ரத்தம் வருகிறது. ஷீல்ட் வைத்தால் வலி பாதியாகக் குறைகிறது. ஆனால் வெட்டுஒன்று அக்கா எழுதியதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. குடிக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பால்பணி எழுதியது:

ஒன்பதுநாள், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். உங்களுக்கும் ஏழு மாதத் தாய்க்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அவருக்குப் பால் நிலைத்துவிட்டது. உங்களுக்கு இப்போதுதான் நிலைத்துக்கொண்டிருக்கிறது, இந்த ஆறு வாரம் கொஞ்சம் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

முதலில், புண் ஏன் வந்தது? வெறும் ஷீல்டால் அதை மூடிவிட்டுப் போனால் காரணம் அப்படியே இருக்கும். பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் பிடிப்பதால் வரும். சில குழந்தைகளுக்கு நாக்கின் அடியில் உள்ள ஜவ்வு இறுக்கமாக இருந்து நாக்கை நீட்ட விடாது. யாராவது தெரிந்தவர் ஒரு வேளை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், குழந்தையின் வாய்க்குள்ளும் பார்க்கட்டும்.

பால் போகிறதா என்பதற்குக் காதைக் கொடுங்கள். பால் இறங்கியபின் ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல் கேட்க வேண்டும். ஷீல்டை எடுத்ததும் முனைக்குள் பால் நிற்க வேண்டும். மார்பு இளகியிருக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு முறையாவது நன்றாக நனைந்த டயப்பர், மஞ்சள் மலம். பிறந்த எடையைப் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் திரும்பத் தொட வேண்டும், அதற்குப் பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம். வாரம் ஒருமுறை ஒரே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். எடை பிடிக்கிறது என்று உறுதியாகும்வரை, குடித்து முடித்தபின் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பம்ப் செய்வது நல்லது. எடுத்த பாலைக் குழந்தைக்கே கொடுக்கலாம். ஈர டயப்பர் குறைந்தாலோ, எழுப்பினால்கூட எழாமல் துவண்டு தூங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள், அடுத்த வாரம் எடை பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒன்பதுநாள் எழுதியது:

நேற்றிலிருந்து ஏழு டயப்பர். எண்ணி வைத்திருக்கிறேன். விழுங்கும் சத்தம் கேட்கிறது. நன்றி, நன்றி.

பழையபெட்டி எழுதியது:

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். ஷீல்ட் என்பது இந்தக் காலத்துச் சோம்பேறித்தனம் என்று என்னிடம் ஒரு பெரியவர் சொன்னார். பல நூற்றாண்டுகளாக இருக்கிறது! மரம், வெள்ளி, கண்ணாடி என்று எதெதிலோ செய்திருக்கிறார்கள். அதில் கொடுமை, ஈயத்தில் செய்தது. புண்ணான காம்புக்கு இதமாக இருக்கும் என்று ஈயக் கவசத்தை மாட்டி, ஈயம் கலந்த பாலைக் குடித்த குழந்தைகள் நஞ்சேறித் துன்பப்பட்டிருக்கிறார்கள். சிலிக்கோன் காலத்தில் பிள்ளை பெற்றோமே என்று இருக்கிறது. சரி, நீங்கள் தொடருங்கள்.

உறங்காவிழி எழுதியது:

இத்தனை பதிலை எதிர்பார்க்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, அவளை மடியில் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு ஷீல்டும் கிடைத்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வற்றும், வற்றாது என்பது பயம். அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. அவள் ஒருநாள்கூட என்னை நேராகத் தொட்டுக் குடிக்கவில்லையே என்ற குறை. நடுவில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக். இதை வெளியில் சொன்னால் "குழந்தை நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். அதனால் சொல்வதில்லை. விடவைக்க இன்னொரு முறை முயலலாமா? ஏழு மாதத்தில் முடியுமா?

ஐந்தில்விட்டவள் எழுதியது:

முடியும், முடியாமலும் போகலாம். எனக்கு ஐந்தாம் மாதம் முடிந்தது, அதுவும் நான் முயற்சியை நிறுத்திய பிறகு.

நீங்கள் எப்போது முயன்றீர்கள் என்று எழுதவில்லை. நான் பசித்து அழும்போது முயன்றேன். அது மாபெரும் தப்பு. கொலைப்பசியில் இருக்கிறவனிடம் போய்ப் புதுத் தட்டைக் காட்டுகிறோம். எனக்கு வேலை செய்தது தூக்கம். பகல் தூக்கம் கலைந்து கலையாமல் இருக்கும்போது, மேல்துணி இல்லாமல் இரண்டு பேரும் தோலோடு தோலாகச் சாய்ந்து படுத்துக்கொள்வோம். நான் பின்னால் சரிந்து, அவள் என் மேல் கவிழ்ந்து. கொடுக்கக்கூட மாட்டேன், அது பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். நாலைந்து நாள் மூக்கால் உரசிவிட்டுத் தூங்கிப்போனாள். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். முப்பது நொடி இருக்கும். நான் மூச்சுவிடவில்லை.

இன்னொரு வழி, ஷீல்டோடு ஆரம்பித்து, பால் இறங்கி வேகமாக விழுங்க ஆரம்பித்ததும் விரலால் உறிஞ்சலை விடுவித்துச் சட்டென்று ஷீல்டை உருவிவிட்டுத் திரும்பக் கொடுப்பது. அந்த நேரம் காம்பு நீண்டு வெளியே இருக்கும். மார்பைக் கையால் தட்டையாக அழுத்தி, குழந்தையின் உதட்டுக்கு இணையாகப் பிடித்துக் கொடுத்தால் பிடிக்க வசதி. அழுதால் உடனே ஷீல்டை மாட்டிவிடுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்தால் பழகிவிடும் என்று எனக்கு ஒருவர் சொன்னார். ரப்பர் காலத்து யோசனை அது. சிலிக்கோனை வெட்டினால் ஓரம் கூராகி வாயைக் கிழிக்கும். செய்யாதீர்கள்.

உறங்காவிழி, அந்தக் குறை எனக்கும் இருந்தது. விட்ட பிறகு நான் நினைத்த அளவு பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கழுவுகிற வேலை மிச்சம்.

பால்பணி எழுதியது:

ஐந்தில்விட்டவள் சொன்னதோடு ஒன்று மட்டும். குழந்தை ஏன் விட மறுக்கிறது என்று தெரிந்தால் கோபம் வராது. ஷீல்டின் உறுதியான முனை மேலண்ணத்தைத் தொட்டதும் உறிஞ்சு என்று அவளுக்கு ஒரு சைகை போகிறது. மென்மையான மார்பு அந்தச் சைகையை அவ்வளவு பலமாகக் கொடுப்பதில்லை. அவள் உங்களை மறுக்கவில்லை, பழகிய சைகையைத் தேடுகிறாள். இடப்பக்கம் தட்டை என்றீர்கள், வலப்பக்கம் உள்வாங்கியது. இடப்பக்கம் மட்டும் முயலுங்கள். ஏழு மாதம் உறிஞ்சி உறிஞ்சி அது இப்போது முன்பு இருந்ததுபோல இருக்காது. குடித்து முடித்தவுடன் கண்ணாடியில் பாருங்கள்.

இரட்டையர்தாய் எழுதியது:

ஷீல்ட் வைத்து நீண்ட நாள் கொடுப்பவர்கள் பால் கட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். எனக்கு ஒரே இடத்தில், அக்குள் பக்கம், மூன்று முறை கட்டியது. ஷீல்டின் விளிம்பு சரியாக விரியாமல் ஒரு பக்கம் மடங்கி அழுத்தியதுதான் காரணம் என்று நினைக்கிறேன், விளிம்பைக் கவனித்து மாட்டியபின் வரவில்லை. சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் தாமதிக்காதீர்கள். பாலூட்டுவதையும் நிறுத்தாதீர்கள். அதேபோல் குழந்தை வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளை படிந்து, உங்களுக்குக் காம்பில் எரிச்சலும் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். மருந்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், ஷீல்டைத் தினமும் கொதிக்க வைப்பது தனி. என் மகள்கள் இருவரில் ஒருத்தி ஒன்பது மாதம் ஷீல்டோடு, இன்னொருத்தி முதல் நாளிலிருந்தே இல்லாமல். ஒரே தாய், ஒரே மார்பு. பிறகு என்னத்தைச் சொல்ல!

வெட்டுஒன்று எழுதியது:

உறங்காவிழி, மேலே நான் எழுதியது கொஞ்சம் கடுமையாகிவிட்டது. எடுத்துவிடுங்கள் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எடை பாருங்கள் என்பதை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

உறங்காவிழி எழுதியது (எட்டு வாரம் கழித்து):

யாராவது தேடி வந்தால் பயன்படும் என்று எழுதுகிறேன். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதும் அதற்கு மேலும் பாலூட்டச் சொல்கிறது. அதுவரை போவேனா தெரியாது, நிறுத்தும் எண்ணமும் இல்லை. எடை 8.1. கீழ்ப்பல் இரண்டு, ஒரு ஷீல்ட் பலி.

இடப்பக்கம் நடந்துவிட்டது. பால்பணி அக்கா சொன்னபடி கண்ணாடியில் பார்த்தேன், காம்பு நன்றாக வெளியே வந்திருந்தது, நான் இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. பதினேழு நாள் ஆனது. விடியற்காலை நேரத்துப் பால் மட்டும், பாதித் தூக்கத்தில், ஷீல்ட் இல்லாமல் குடிக்கிறாள். மற்ற நேரம் கொடுத்தால் தள்ளிவிட்டு ஷீல்ட் எங்கே என்று கையால் தேடுகிறாள். வலப்பக்கம் அசையவில்லை, நானும் விட்டுவிட்டேன். முதல் நாள் அழுதேன், மூன்றாம் நாளே சாதாரணமாகிவிட்டது. ஐந்தில்விட்டவள் சொன்னது சரி.

ஒரு சின்ன சந்தேகம். அவள் இப்போது ஷீல்ட் டப்பாவைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அழுத்தித் திறக்கிற மாதிரி இல்லாமல் திருகி மூடுகிற டப்பா யாராவது வைத்திருக்கிறீர்களா?

பாத்திரம்தேய்க்கும்அப்பா எழுதியது:

அகன்ற வாய் உள்ள சின்னப் பிளாஸ்டிக் டப்பா எதுவானாலும் போதும், மூடியில் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் நின்று நாறும். எங்கள் வீட்டில் அதையும் திறந்துவிட்டான். இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.